கிருபைபாயின் ஆட்கள் எந்தத் தெரு?

கிருபைபாயை அடக்கம் செய்து, குழிமேட்டு மண் மழையில் இறுகி, அதன்மேல் நெருஞ்சி படரத் தொடங்கியிருந்த ஒரு காலையில், திருநெல்வேலியிலிருந்து வருகிற பஸ்ஸில் அவள் உடம்பின் செல்கள் வந்து இறங்கினார்கள். 'இறங்கின' என்றுதான் எழுதவேண்டும், ஆனால் கை வரவில்லை, ஏனென்றால் வந்தவர்கள் செருப்புப் போட்டிருந்தார்கள், ஆளுக்கொரு டிக்கெட் வைத்திருந்தார்கள், ஆஸ்பத்திரிப் பச்சைத் துணி உடுத்தியிருந்தார்கள், பஸ்ஸைவிட்டு இறங்கும்போது முகத்தைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டு இறங்கினார்கள். அவளும் அப்படித்தான் இறங்குவாள், விழுந்துவிடுவாய் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டாள்.

"மைக் செட் அண்ணாச்சி வீட்டுக்குன்னு சொல்லுதாவ" என்றார் கண்டக்டர், படியில் தொங்கியபடி. "வண்டி பூரா இவியதான். சீட்டு காலியா கெடக்கு, ஒருத்தரும் தனியா உக்காரமாட்டேங்காவ. ஒருத்தர் மடியில ஒருத்தர், ஒருத்தர் தோள்ல ஒருத்தர். டிக்கெட் கிழிக்க எடமில்ல எனக்கு."

மைக் செட் அண்ணாச்சி நான்தான். பெயர் தவசிங். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கோயில் விசேஷத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, மீதியைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகங்களில் நானாகப் படித்துக்கொண்டேன். ஊர் முழுக்கக் குரல் கேட்கும்படி செய்கிற தொழிலில் வாழ்ந்தும், மைக்கில் 'ஹலோ, டெஸ்டிங்' என்பதைத் தாண்டி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசவேண்டியதையெல்லாம் என் பெண்டாட்டி கிருபை பேசினாள்.

எலுமிச்சைவிளையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஊரில் ஆச்சரியப்படுவதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதற்குப் பதில் கிடைக்கும்வரை ஆச்சரியத்தைத் தள்ளிவைத்துவிடுவார்கள். புதிதாக வந்த வாத்தியாரைக் கேட்பார்கள், தபால்காரரைக் கேட்பார்கள், கட்டிக்கொண்டு வந்த மருமகளைப் பந்தலிலேயே கேட்பார்கள், செத்து வந்த பிணத்தின் தலைமாட்டில் நின்றும் கேட்பார்கள். அன்றைக்கும் பஸ் ஸ்டாப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடி டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்கள்: "இவிய எந்தத் தெரு?"

காரணத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன், அது சின்னது. கிருபை வயிற்று நோவோடு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில், டாக்டர் ஃபர்ஸானா என்று ஒரு பெண் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மனுஷ உடம்பில் எத்தனை வகைச் செல் இருக்கிறது என்று உலகம் முழுக்கச் சேர்ந்து ஒரு வரைபடம் போடுகிறோம் அம்மா, நீங்கள் சம்மதித்தால் உங்களுக்கு அப்புறம் ஒவ்வொரு உறுப்பிலும் துளித்துளி எடுத்துக்கொள்வோம், உடம்பை முழுசாக வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். கிருபை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எடுத்துக்கிடுங்கம்மா. ஆனா வேல முடிஞ்சதும் திருப்பி அனுப்பிரணும். எங்க ஊர்ல வாங்கிட்டுப் போறவ ஒருத்தரும் திருப்பித் தரமாட்டாவ. நீங்களாவது தாங்க."

அவள் மனதில் இருந்தது அண்டா. அவளுடைய அம்மா சீதனமாகக் கொடுத்த பெரிய பித்தளை அண்டாவை, ஊர்க் கமிட்டித் தலைவர் அருமைநாயகம் தன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிக்கொண்டு போனார், அந்த மகளுக்குப் பிள்ளை பிறந்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது, அண்டா வரவில்லை. தினமும் காலையில் அடுப்புப் பற்றவைக்கும்போது ஒருமுறையும் சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது ஒருமுறையும் கிருபை அந்த அண்டாவைப் பற்றிப் பேசுவாள். டாக்டர் ஃபர்ஸானாவுக்கு இது தெரியாது. சிரித்துக்கொண்டே, "கண்டிப்பா அனுப்புறேம்மா" என்று வாக்குக் கொடுத்தார். சொன்னால் செய்கிற பெண். செய்துவிட்டார்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். முன்னறை நிறைந்து, அடுக்களை நிறைந்து, ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறையும் நிறைந்தது. எரிச்சலாக இருந்தது எனக்கு. பெண்டாட்டி போய், ஒரு டம்ளரும் ஒரு தட்டும் போதும் என்று பழகிக்கொண்டிருந்தவன் வீட்டில் கல்யாணக் கூட்டம் மாதிரி ஆட்கள். கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு வகை சொன்னார்கள். ஈரலைச் சேர்ந்தவர்கள் வந்ததும் வராததுமாகத் துடைப்பத்தை எடுத்தார்கள். தோலைச் சேர்ந்தவர்கள் வாசலிலும் ஜன்னலிலும் போய் நின்றுகொண்டு கொசு வந்தால்கூட யாரென்று பார்த்தார்கள். ரத்தத்தைச் சேர்ந்தவர்கள் ஓரிடத்தில் நிற்காமல் அறைக்கு அறை சுற்றி வந்தார்கள். நாக்கு ருசியைச் சேர்ந்த ஒருத்தி என் ரசத்தைத் தொட்டு வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள், அந்தச் சுளிப்பு எனக்குத் தெரியும். கண்ணுக்குள் இருக்கிற வில்லையிலிருந்து வந்தவள் கண்ணாடி மாதிரித் தெளிந்த உடம்போடு ஒரு மூலையில் உட்கார்ந்து, பேசாமல், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளாளுக்கு அவளுடைய ஒரு துண்டு இருந்தது, ஒருவரிடமும் அவள் இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில், நிற்க இடமில்லாமல் எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஈரலும் ரத்தமும் ஒட்டிக்கொண்டு, நரம்பு போய்த் தசையின் தோளில் கை போட்டு, குடலைச் சேர்ந்தவர்களுக்கு நடுவில் கொழுப்பைச் சேர்ந்தவர்கள் சாய்ந்து, யார் எங்கே என்று ஒரு ஒழுங்கும் இல்லாமல், முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு, மூச்சு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க ஆரம்பித்தது. அப்போது, யார் வாயும் அசையாமல், அவர்களுக்கு இடையில் எங்கிருந்தோ அவள் குரல் வந்தது.

"எத்தன தடவ சொல்லுதது, ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் ஓடுது. கரண்டு பில்லு உங்க பாட்டனா கெட்டுவாரு?"

நான் எழுந்துபோய்ப் பின்னறையில் ஃபேனை நிறுத்தினேன். திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான், வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கூட்டம் இருந்துவிட்டுப் போகட்டும், அரிசி தீர்ந்தால் தீரட்டும், இவர்கள் இப்படியே இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும் என்றிருந்தது.

விடுவார்களா?

அடுத்த நாளே பக்கத்து வீட்டு ரத்தினபாய் மைனி வந்து எட்டிப்பார்த்துவிட்டு, "கொழுந்தனாரே, ஆளு வந்தது சந்தோசம். ஆனா என்ன ஏதுன்னு தெரியாம எல்லாத்தையும் ஒரே கூரைக்குள்ள போட்டு வச்சா நாளைக்கு ஊரு என்ன பேசும்?" என்றாள்.

"என்ன பேசும்?"

"குடலும் இருதயமும் ஒரே பாயில படுத்திருக்குன்னு பேசும்."

"கிருபைக்குள்ள அப்படித்தான மைனி இருந்துச்சு?"

"அது உள்ள. உள்ள இருக்கதயெல்லாம் யாரு பாத்தா?"

மைனியோடு வாதாட முடியாது. அருமைநாயகத்தோடு வாதாடலாம், ஆனால் அவர் கேட்கமாட்டார். அவர் வந்தபோது கமிட்டியில் பாதிப்பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எங்கள் வேதக்கோயில் வளாகத்தில் அசனம் என்ற ஊர்விருந்து நடக்கும், ஊர் முழுக்க ஒரே உலையில் வெந்த சோற்றையும் ஒரே சட்டியில் கொதித்த கறிக்குழம்பையும் சாப்பிடும். எல்லோரும் ஒன்று என்பதற்காக முன்னோர்கள் ஏற்படுத்தியது என்று வருஷாவருஷம் பிரசங்கத்தில் சொல்வார்கள். சொல்லிவிட்டுத் தெருவாரியாகத்தான் பந்தி போடுவார்கள். மைக்கில் தெருப்பெயரைக் கூப்பிடும்வரை ஒருவரும் உட்காரமாட்டார்கள், பசியில் பிள்ளைகள் அழுதாலும் சரி. முதலில் கோயில் தெரு, பிறகு நடுத்தெரு, பிறகு கிணற்றுத்தெரு, எல்லோரும் கை கழுவிய பிறகு ஓடைக்கு அந்தப்பக்கத்து ஓடைத்தெரு. மைக் என்னுடையது, கூப்பிடுகிற குரல் அருமைநாயகத்துடையது.

"தலைக்கட்டு வரிய விடும் அண்ணாச்சி, அத நாங்க கேக்கல" என்றார் அவர். "இவ்வளவு தலைக்கட்டு புதுசா வந்திருக்கு. எந்தப் பந்தியில உக்கார வைக்கது? அதுக்காகவாவது ஒரு தெரு வேணுமா வேண்டாமா?"

"என் பெண்டாட்டி அவ. என் தெருதான் அவ தெரு."

"ஒம்ம பெண்டாட்டின்னா ஒரு ஆளு. இது ஒரு ஆளா?"

ஒரு ஆள்தான் என்று சொன்னேன். சொன்னது மெதுவாக இருந்ததால் யார் காதிலும் விழவில்லை. என் குரல் அப்படி.

கமிட்டி கூடியது. விவரம் தெரிந்தவர் வேண்டும் என்று டாக்டர் ஃபர்ஸானாவை வரவழைத்தார்கள். அவரும், பாவம், ஊர்க்காரர்கள் ஆசையாகக் கூப்பிடுகிறார்கள் என்று நம்பி, சுருட்டிய பெரிய படம் ஒன்றோடு வந்தார். கமிட்டிச் சுவரில் மாட்டினார். கிருபையின் உடம்பு புள்ளி புள்ளியாக அதில் இருந்தது, வகைக்கு ஒரு நிறம், சிவப்பெல்லாம் ஒரு குவியலாக, நீலமெல்லாம் ஒரு குவியலாக, மஞ்சளெல்லாம் ஒரு குவியலாக. நிறங்களைப் பார்த்ததும் கமிட்டிக்கு உயிர் வந்தது. இந்த மாதிரி ஒரு படம் நம் ஊருக்கே போட்டிருக்கலாம் என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"இதுல எது மேல, எது கீழம்மா?" என்று கேட்டார் அருமைநாயகம்.

"மேல கீழன்னு இல்ல சார். வகை மட்டுந்தான்."

"அதான். வகைன்னா எது மேல?"

"சார், இது வேலையோட பேரு. ஒவ்வொண்ணும் வேற வேற வேலை செய்யுது, அவ்வளவுதான்."

"நாங்களும் வேலைய வச்சுத்தான் சொல்லுதோம்" என்றார் பின்வரிசையில் ஒருவர், மிகவும் திருப்தியாக.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதற்குமேல் அவர் சொன்னதையெல்லாம் அவர்களுக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டார்கள். இருதயத்தைச் சேர்ந்தவர்களைக் கோயில் தெரு கேட்டு வாங்கியது. நரம்பைச் சேர்ந்தவர்கள் படித்தவர்கள் என்று நடுத்தெருவுக்குப் போனார்கள். கொழுப்பைச் சேர்ந்தவர்களுக்குச் சேர்த்துவைக்கத் தெரியும் என்று கேள்விப்பட்டு, கடைவைத்திருக்கிற கிணற்றுத்தெரு அவர்களை மாலைபோட்டு அழைத்துக்கொண்டது. தோலைச் சேர்ந்தவர்கள் எல்லையிலேயே நின்று பழகியவர்கள்தானே என்று ஊர் எல்லைப் பலகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார்கள். ரத்தத்தைச் சேர்ந்தவர்கள் ஓரிடத்தில் நிற்காமல் திரிகிறார்கள், நம்பிக்கையில்லை என்று பள்ளிக்கூட வராந்தாவில் கண்பார்வையில் வைத்தார்கள். குடலைச் சேர்ந்தவர்களை என்ன செய்வதென்று ஒருவரும் கேட்கக்கூட இல்லை, கேட்காமலே எல்லாத் தலையும் ஓடையின் பக்கம் திரும்பியது. நாக்கு ருசி சின்ன வகை என்று குடலோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். ஈரல், தசை, எலும்பு என்று மீதி வகைகளையும் இப்படியே தெருத்தெருவாகப் பங்குபோட்டார்கள். வில்லையிலிருந்து வந்தவளை எந்தத் தெருவும் கேட்கவில்லை. எதையும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறவளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள யாருக்கும் துணிச்சல் இல்லை. அவளை மட்டும் எனக்கு விட்டுவைத்தார்கள்.

சாயங்காலம் வீடு வெறிச்சென்று இருந்தது. ஃபேனைப் போட்டுவிட்டு ஆளில்லாத பின்னறையில் ஓடவிட்டேன். யாரும் திட்டவில்லை.

அப்புறம் நடந்ததை எழுதும்போது இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நடுத்தெருவில் நரம்பைச் சேர்ந்தவர்கள் ஒருவர் சொன்னதை அடுத்தவருக்கும் அடுத்தவர் சொன்னதை அதற்கடுத்தவருக்கும் சொல்லி, கேட்டுச் செய்ய ஒரு தசை இல்லாததால் அதே சேதி தெருவைச் சுற்றி மறுபடி முதல் ஆளிடமே வந்து, அவரும் மறுபடி சொல்லி, தெருவே தலைவலியில் கிடந்தது. கோயில் தெருவில் இருதயத்தைச் சேர்ந்தவர்களை வீட்டுக்கு ஒருவராகக் கௌரவத்துக்குப் பிரித்துக்கொண்டதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்கில் துடித்தார்கள், ஜெபக்கூட்டத்தில் கைத்தட்டு ஒன்றும் தாளத்துக்கு வரவில்லை. கிணற்றுத்தெருவில் கொழுப்பைச் சேர்ந்தவர்கள் கொடுத்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டு வர ஆளில்லாமல், அதைச் சுமந்துகொண்டு நடக்கமுடியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் என்னிடம்தான் வந்து குறைசொன்னார்கள். என் பெண்டாட்டி என்பது அப்போது மட்டும் ஊருக்கு ஞாபகம் வந்தது.

ஓடைத்தெருவுக்குத் தினமும் நானே போனேன். குடலைச் சேர்ந்தவர்கள் வெயிலில் போட்ட வெற்றிலை மாதிரி வாடிக்கொண்டு வந்தார்கள். ஓடைத்தெருக்காரர்கள் தங்கள் வீட்டுக் கஞ்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள், பாயைக் கொடுத்தார்கள், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் போனபோது பாதிப்பேர் இல்லை. எங்கே என்று கேட்டேன். இப்போதுதான் இங்கே இருந்தார்கள் என்று பாயைக் காட்டினார்கள். பாயில் பச்சைத் துணி மடித்தபடி இருந்தது. நாக்கு ருசிக்காரி இருந்த இடத்தில் அவள் குடித்து மிச்சம் வைத்த கஞ்சி இருந்தது.

அன்றைக்கே பஸ் ஏறித் திருநெல்வேலி போனேன். டாக்டர் ஃபர்ஸானா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் பாயைப் பற்றிச் சொன்னேன்.

"குடல்ல இருக்கிறவங்களுக்கு ஆயுசே சில நாள்தான் சார். நாக்குக்கும் அப்படித்தான், கொஞ்சம் கூட. தோலுக்குச் சில வாரம், ரத்தத்துக்குச் சில மாசம். ஆனா உடம்புல இருக்கும்போது அது பிரச்சினையில்ல. பக்கத்துல சரியான ஆள் இருந்தா, போறதுக்கு முன்னாடி தன் இடத்துல ஒருத்தரை விட்டுட்டுத்தான் போவாங்க. தனியா வச்சா அப்படியே போயிடுவாங்க."

"சரியான ஆள்னா யாரு? யார் பக்கத்துல யார உக்காரவைக்கணும்? ஒங்க படத்தப் பாத்துச் சொல்லுங்க, நான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாவது உக்காரவச்சிருதேன்."

"படத்துல அது இல்ல சார்."

"இல்லன்னா?"

"வகை தெரியணும்னா ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சிருக்கிற பிடியை விடவைக்கணும். அதுக்கு ஒரு கரைசல் இருக்கு, அதுல போட்டாத் தனித்தனியா வந்துருவாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா, நீங்க யாருன்னு கேட்டு எழுதிக்கிட்டோம். யார் யார் பக்கத்துல இருந்தாங்கங்கிறது அந்தக் கரைசல்லயே போயிருச்சு. அதை இனிமேத்தான் பாக்கப்போறோம்."

"பிரிக்கதுக்கு முன்னாடில்லா அதப் பாத்திருக்கணும்!"

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப்பார்த்தார்கள்.

"பாத்திருக்கணும் சார்" என்றார் அவர். "என்மேல கோவமா?"

"எல்லார் மேலயும்."

அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

ஊர் திரும்பி நேரே அருமைநாயகத்திடம் போனேன். மீதி இருக்கிறவர்களையாவது என் வீட்டில் விட்டுவிடுங்கள், யார் பக்கத்தில் யார் என்று அவர்களுக்கே தெரியும், அன்றைக்குத் தாங்களாகத்தான் உட்கார்ந்தார்கள் என்றேன். அவர் அசனத்துக்கு ஆடு பிடிக்கிற பேச்சில் இருந்தார்.

"ஒரு அசனம் முடியட்டும் அண்ணாச்சி. போட்ட ஒழுங்க நடுவுல மாத்துனா மத்த தெருவும் கேப்பாவ. முடிஞ்சதும் தீர்மானம் போட்டுருவோம்."

"அதுவரைக்கும் அவ இருக்கமாட்டா வேய்."

"செத்துப்போனவ எங்க போவப்போறா?" என்றார் அவர்.

அசனத்தன்று கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, வேப்பமரத்தில் ஒன்றும் மணிக்கூண்டில் ஒன்றுமாக ஸ்பீக்கர் கட்டி, மைக்கை மேஜைமேல் வைத்தேன். உலைச் சோறு வெந்து இறங்கியது. ஊர் கூடிவிட்டது. ஆனால் யாரும் பந்தலுக்குள் வரவில்லை, தெருத்தெருவாக வெளியே மண்ணில் கோடு போட்ட மாதிரி நின்றார்கள், ஒவ்வொரு தெருவோடும் அதன் பச்சைத்துணிக்காரர்கள் நின்றார்கள். தோலைச் சேர்ந்தவர்கள் மதிலுக்கு வெளியே. குடலில் மிஞ்சியது ஒருத்தி, ஓடைத்தெருப் பெண் ஒருத்தியின் இடுப்பில் சாய்ந்து நின்றாள். நின்றாள் என்பதுகூடச் சரியில்லை, அந்தப் பெண் தாங்கிக்கொண்டிருந்தாள்.

அருமைநாயகம் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து மைக்கைப் பிடிக்கக் கையை நீட்டியபோது, தொண்டையைச் செரும இரண்டு விநாடி எடுத்துக்கொண்டார். அவர் எப்போதும் செருமுவார். நான் எப்போதும் அந்தச் செருமல் முடிகிறவரை மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அன்றைக்கும் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், ஆனால் கொடுக்கவில்லை.

"எல்லாரும் வாங்க" என்றேன்.

வேப்பமரமும் மணிக்கூண்டும் சொல்லின, எல்லாரும் வாங்க. என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

"எல்லாரும் வந்து உக்காருங்க. எல்லாத் தெருவும். சோறு ஆறுது."

மைக் கூப்பிட்டால் உட்காரவேண்டும் என்பதுதான் எங்கள் ஊர் வழக்கம், யார் கூப்பிட வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஒரு விநாடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பசித்த பிள்ளைகள் ஓடின, பிள்ளைகளைப் பிடிக்கத் தாய்மார்கள் ஓடினார்கள், இடம் போய்விடுமோ என்று ஆண்கள் ஓடினார்கள், மதிலைத் தாண்டித் தோலைச் சேர்ந்தவர்கள் வந்தார்கள், நாலு பந்திக்கு வேண்டிய கூட்டம் ஒரு பந்தியில் விழுந்தது. கோயில் தெருவுக்கும் ஓடைத்தெருவுக்கும் நடுவில் ஈரல் உட்கார்ந்தது, ரத்தம் வளைந்து வளைந்து வரிசைக்குள் புகுந்தது, நரம்பு கையை நீட்டித் தசையைத் தேடிப் பிடித்தது, இருதயத்தைச் சேர்ந்தவர்கள் கூட்டத்தில் தோளோடு தோள் உரசியதும் ஒரே தாளத்தில் துடிக்க ஆரம்பித்தார்கள், அந்தத் துடிப்பு தரையில் விரித்த இலைகளில் தெரிந்தது. வீட்டிலிருந்து என்னோடு வந்திருந்த வில்லைக்காரி அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள்.

"அருமைநாயகம் அண்ணாச்சி."

மைக் என் கையில்தான் இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் வந்தது. ஊர் முழுக்கத் தலை நிமிர்ந்தது. அந்தக் குரலைத் தெரியாதவர்கள் எலுமிச்சைவிளையில் இல்லை.

"எங்கம்மா அண்டாவுலதான் சோறு அள்ளுதிய. வெளிம்புல எங்கம்மா பேரு வெட்டியிருக்கு, துணியச் சுத்தி மறச்சு வச்சிருக்கிய. கோயிலுக்கு ஒங்க காணிக்கன்னா சொன்னிய?"

பரிமாறிக்கொண்டிருந்த ரத்தினபாய் மைனி அண்டாவைச் சுற்றியிருந்த துணியை உருவினாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அருமைநாயகம் வேட்டியைப் பார்த்தார்.

"என்னப் பிரிச்சுத் தெருவுக்குத் தெரு போட்டிருக்கிய. ஒரு அண்டாவ ஒழுங்காத் திருப்பித் தரத் தெரியல, ஒரு பொம்பளயப் பங்குபோட மட்டும் தெரியுது. இந்த மனுசன் மைக்குல ரெண்டு வார்த்த பேச நான் சாவ வேண்டியிருந்திருக்கு."

சிரித்தார்கள். அழுதுகொண்டும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும், குழம்பில் உப்பு போதாது என்பாள், ஒவ்வொரு அசனத்திலும் முதல் கவளத்திலேயே சொல்வாள், அதற்காக நான் காத்துக்கொண்டு நின்றேன். அவள் சோற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவளிடம் நாக்கு ருசி இல்லை. ஓடைத்தெருப் பாயில் மடித்துக் கிடந்த பச்சைத் துணி ஞாபகம் வந்தது. என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

இலை எடுத்தபோது கூட்டம் கலைந்தது, குரலும் கலைந்தது.

மறுநாள் காலையில் அண்டா என் வாசலில் இருந்தது, புளிபோட்டுத் தேய்த்து. தெருக்காரர்கள் தாங்களாகவே பச்சைத்துணிக்காரர்களைக் கையைப்பிடித்துக் கொண்டுவந்து விடத் தொடங்கினார்கள், அது பாதியில் நின்றது, ஏனென்றால் அருமைநாயகம் எதையும் தீர்மானம் போட்டுத்தான் செய்யவேண்டும் என்றார். அண்டா விஷயத்தில் பட்ட அவமானத்துக்கு அவருக்கு ஏதாவது ஒன்றில் ஒழுங்கைக் காப்பாற்றவேண்டியிருந்தது. கமிட்டி கூடியது. கிருபைபாய் ஒரே ஆள்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டுவிட்டு, அப்படியானால் அந்த ஒரு ஆள் எந்தத் தெரு என்று பேச ஆரம்பித்தார்கள், ஏனென்றால் இப்போது எல்லாத் தெருவிலும் வாழ்ந்தவள் ஆகிவிட்டாளே. அந்தப் பேச்சு முடிவதற்குள் கடைசிக் குடல்காரி போனாள். தோலைச் சேர்ந்தவர்கள் தார்ப்பாய்க்கு அடியிலேயே போனார்கள். தீர்மானம் வந்து, எல்லோரும் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது, உட்கார்ந்த கூட்டத்தில் நடுநடுவே இடைவெளி இருந்தது. இழுத்து இழுத்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு இருமல் வந்தது, ஒரு பெருமூச்சு வந்தது, ஒருநாள் 'ஃபேன்' என்று ஒரு சொல் வந்தது. அதற்குமேல் கூடவில்லை.

பிறகு ரத்தத்தைச் சேர்ந்தவர்கள் சுற்றிச் சுற்றிக் களைத்துப் போனார்கள். ஈரலைச் சேர்ந்தவர்கள் துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டுப் போனார்கள். கொழுப்பும் எலும்பும் தசையும் இருதயமும் வருஷங்கள் இருந்து போயின. நரம்பைச் சேர்ந்த ஒருவர் வெகுகாலம் இருந்தார், என்னிடம் ஏதோ சேதி சொல்ல வருவார், சொல்லமுடியாமல் என் கையைத் தட்டிவிட்டுத் திரும்புவார், அவரும் போனார். ஒவ்வொருவர் போகும்போதும் கமிட்டியிலிருந்து வந்து துக்கம் விசாரித்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்னைக் கேட்டார்கள், இவர் எந்த வகை என்று.

மிஞ்சியது வில்லைக்காரி ஒருத்தி. வில்லைக்கு ஆயுசு, ஆளின் ஆயுசு என்று டாக்டர் ஃபர்ஸானா எழுதியிருந்தார். பிறப்பதற்கு முன்னால் வந்தவள், மாற்றே கிடையாது. தனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்வாசலில் போட்டுக்கொண்டு முருங்கைமரத்தைப் பார்த்தபடி இருப்பாள். வயதில் கொஞ்சம் மங்கலாகியிருந்தாள், பால் கலந்த தண்ணீர் மாதிரி. வருஷக்கணக்காக நான் அவளுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். மரியாதைக்காகத்தான், வேறொன்றுமில்லை. ஒரு வகை மட்டும் கிருபை ஆகாது என்று எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது, அதை அவ்வளவு செலவழித்துக் கற்றிருந்தேன்.

போன வாரம் அருமைநாயகத்தின் மகன் வந்தான், இப்போது அவன்தான் தலைவர். இந்த வருஷம் அசனத்தில் எல்லாத் தெருவும் ஒரே பந்தி என்று தீர்மானமாகியிருப்பதாகச் சொன்னான். நல்லது என்றேன்.

"ஆனா ஒரே பந்தின்னாலும் ஒரு வரிசை வேணும்லா பெரியப்பா. யார் பக்கத்துல யாருன்னு ஒரு படம் போட்டிருக்கோம். கலர்ல."

அவனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். தலை சூடாகியிருந்தது. கத்தவேண்டும்போல இருந்தது, கத்துவதற்கு ஆள் இல்லை. நேராகப் பின்வாசலுக்குப் போய், ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை இழுத்துப்போட்டு, வில்லைக்காரிக்குப் பக்கத்திலேயே, தோள் இடிக்க, தொப்பென்று உட்கார்ந்தேன். இந்த ஊரை அப்படி என்னதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவள் பார்க்கிற திசையில் நானும் பார்த்தேன். முருங்கைப்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. சாயங்கால வெயில் அவள் உடம்பு வழியாக என் கைமேல் விழுந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது எனக்கு, மெல்ல இறங்கியது, அவள் மூச்சோடு சேர்ந்து இறங்கியது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள், கிருபையின் குரலிலேயே. "வெளிச்சத்த மறைக்கிய."

நான் தள்ளி உட்காரவில்லை.